விற்காதவரை நஷ்டமில்லை

பங்குச்சந்தை விழுந்தால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் திருவண்ணாமலையில் ஆவரேஜ் அண்ணன்தான். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். வாங்கிய பங்கின் விலை இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பார். "ஆவரேஜ் பண்றேன் சார்" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தேபோனது.

இந்த வழக்கம் பங்கோடு நிற்கவில்லை. டீ கசந்தால், "இன்னொண்ணு சக்கரை ஜாஸ்தியா போடு, ஆவரேஜ் ஆயிடும்" என்பார். இத்தாலிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரின் ஒருபக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து நடுங்கி நின்றபோது, மறுபக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டி அனுப்பிவைத்தார்.

எவ்வளவு போச்சு என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "விக்கிற வரைக்கும் நஷ்டம் இல்ல சார்."

கொரோனாவுக்குப் பிறகு சந்தைக்குள் வந்தவர். விழுந்தால் உடனே எழுகிற சந்தையை மட்டுமே பார்த்திருந்தார். போன சரிவு அப்படி இல்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்பே இறங்கத் தொடங்கியது. தை பிறந்தும் இறங்கியது. மாசியிலும் இறங்கியது. இறங்க இறங்க, கடை வாசலில் ஸ்கூட்டர்கள் குறைந்துகொண்டே வந்தன.

"இன்னாண்ணா, வண்டிங்களைக் காணோம்?" என்று கேட்டேன்.

"சர்வீஸ்ல இருக்கு சார்."

"இத்தனையுமா?"

"ஒண்ணா வாங்கனது சார். ஒண்ணாவே ரிப்பேர் ஆவுது."

உண்மையில் வண்டிகளை விற்று, சந்தையில் போட்டிருந்தார். அது போதாமல், மனைவி விஜயாக்காவுக்குத் தெரியாமல் அவருடைய நகைகளை வங்கியில் அடகு வைத்து அந்தப் பணத்தையும் போட்டிருந்தார். வட்டியைச் சீசன் வாடகையில் கட்டிவிடலாம் என்பது கணக்கு. வாடகை வர வண்டி வேண்டும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

பங்குனி வெயிலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிப்போன ஒரு திங்கட்கிழமை, தபாலில் வங்கியின் ஏல நோட்டீஸ் வந்தது. தபால்காரர் அதைக் கடையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொடுத்தார். நான் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசிப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

அக்கா கத்தவில்லை. "இது இன்னாங்க?" என்றார்.

அண்ணன் படித்தார். "எறங்கியிருக்கு விஜி. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. இப்ப வித்தா பாதிகூட வராது. விக்கிற வரைக்கும்..."

"நஷ்டம் இல்ல. தெரியும். வெள்ளிக்கிழமை ஏலத்துல போறது உங்க ஷேர் இல்லீங்க. எங்கம்மா தன் கையிலேர்ந்து கழட்டி எனக்குப் போட்ட வளையல். அது யாரோட நஷ்டம்?"

அண்ணன் செல்போனை எடுத்தார். சந்தை மூட இன்னும் நேரமிருந்தது. திரையைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார்.

"நீங்க அழுத்துங்க சார். எனக்கு விக்கத் தெரியாது."

உண்மைதான். அதுவரை அவர் ஒரு பங்கைக்கூட விற்றதில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விற்றேன். அவர் திரையைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்ளோ போச்சு சார்?"

"நகையை மீட்டுடலாம்ணா. கையில கொஞ்சம் நிக்கும்."

"அத்த கேக்கல."

"பாதிக்கு மேல போச்சு."

தலையை ஆட்டினார். "சரி சார். இப்ப நஷ்டம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் 'இல்ல' சேராமல் தனியாக வந்து அன்றுதான் கேட்டேன். அக்கா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை இருவரும் போய் நகையை மீட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அக்கா கையில் வளையல்கள் இருந்தன. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் அண்ணன் காசு கொடுத்ததும் அன்றுதான்.

இப்போது கடனும் இல்லை, பங்கும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஸ்கூட்டர். இந்தக் கோடையில் அதை எடுக்க ஆளே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

"எங்க சார் போறீங்க?" என்று சாவியைத் தருவார்.

"சும்மா, வேங்கிக்கால் வரைக்கும்ணா" என்பேன்.

என் சொந்த வண்டி வீட்டு வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.