காலிஃபிளவரை ஏற்றி இறக்கிய படலம்

நாவின் நுனியில் வீற்றிருந்து நற்சொல் அருளும் தெய்வம் எதுவாயினும், அது இன்று தன் பீடம் விட்டிறங்கிப் பல்வரிசையின் நடுவே வந்து அமர்வதாக. ஏனெனில் யாம் பாடப் புகுந்தது ஒரு கடியோசையை. விசிலொலியால் வீதிகளை விழிக்கச் செய்தவரை, ஓடும் வண்டியில் ஒரு கம்பியும் பற்றாது இரு கையாலும் சீட்டுக் கிழித்த ஒப்பிலாரை, நின்றவர் நெருங்க, நெருங்கியவர் நசுங்க, நசுங்கியவர் நடுவே நூலிழை இடைவெளி கண்டு அதிலும் நால்வரைக் குடியேற்றிய நாயகரை, நகரப் பேருந்தின் நடத்துநரை, யாம் முதற்கண் வாழ்த்துகிறோம். அவர் அப்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு காலிஃபிளவர் நறுக்கிக்கொண்டிருந்தார்.

போர் மூண்ட காரணம் கேண்மின். நடத்துநரின் மாமனார், அதே பேருந்தை நெடுங்காலம் ஓட்டி ஓய்ந்த ஓட்டுநர். மேடேறும்போதும் பள்ளம் பாயும்போதும் மொறுமொறுப்பான ஏதேனும் ஒன்றை வாய்க்குள் நொறுக்கிக்கொண்டே வந்தவர். இன்ஜின் இரைச்சலையும் மீறி அவர் கடிக்கும் சத்தம் கடைசி இருக்கைவரை கேட்கும் என்பது அந்தத் தடத்துப் பயணிகள் அறிந்தது. அப்படிப்பட்ட பல்வன்மையாரின் நெஞ்சில் ஒருநாள் வலி வந்தது. மருத்துவர் ரத்தக்குழாயில் ஒரு சிறு வளையம் வைத்து, பிழைத்தார் என்று அறிவித்து, அதே மூச்சில், பொரித்தது எதுவும் இனி இந்த வாய்க்குள் போகலாகாது என்றும் ஆணையிட்டார். அன்றுமுதல் மூன்று வேளையும் வேகவைத்த காய். பெரியவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. தட்டை வாங்கிக்கொள்வார், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வரும் எண்ணெய் வாசனையை ஒருமுறை இழுத்துக்கொள்வார், பிறகு சத்தமே இல்லாமல் மென்று விழுங்குவார். அந்தச் சத்தமில்லாமைதான் மருமகனைப் போட்டுப் பிசைந்தது.

எனவே அவர் கடைவீதி சென்றார், சுமந்து திரும்பினார், சமையல் மேடையின் பாதியை விழுங்கும்படி அதை நிறுவினார். கரிய மேனியும் உருண்ட வயிறும் உடையது, தீயின்றிச் சுடுவது, கடலளவு எண்ணெயில் நடக்க வேண்டிய காரியத்தைக் கரண்டியளவில் முடிப்பதாகத் தன் அட்டைப்பெட்டியில் தானே பெருமை பேசிக்கொள்வது, உள்ளே சூறைக்காற்றைச் சுழலவிட்டு அந்தக் காற்றாலேயே காய்களை மொறுமொறுப்பாக்கும் மாயக்கலம், ஏர் ஃப்ரையர் என்னும் பெயர் பூண்டது. அதன் வயிற்றிலிருந்து இழுத்தால் ஒரு கூடை வெளியே வரும். கூடைக்குக் கைப்பிடி உண்டு.

கலத்தின்மீது கைவைத்து நடத்துநர் சூளுரைத்தார்: "மாமா, இன்னிக்கு நீங்க கடிக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். கேக்கலேன்னா என்னை என்னன்னு கேளுங்க."

பெரியவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. ஆனால் தாளுக்குப் பின்னால் அவர் நாக்கால் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டதை யாம் கண்டோம்.

சூளுரை ஒன்று எழுந்தால் எதிருரை ஒன்று எழுவது இல்லற மரபு. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவளும், மயிரிழை அளவும் மாறாத நிறையினளும், ஓட்டுநரின் ஒரே மகளும், நடத்துநரின் இல்லத்தரசியுமாகிய அம்மாதரசி, அடுப்படி வாயிலில் நின்று பரணை நோக்கி விரல் நீட்டினாள். அங்கே, ஒட்டடைப் போர்வை போர்த்துக்கொண்டு, முன்னாள் மாவீரர்கள் துயின்றுகொண்டிருந்தனர்: ஒரே ஒரு முறை சாறு பிழிந்த இயந்திரம், ஒரு முறைகூட ரொட்டி சுடாத இயந்திரம், எதற்கு வாங்கினோம் என்பதே மறந்துபோன இன்னொரு இயந்திரம். மூன்றும் நம் நாயகரின் வாங்கல்கள்.

"ஏங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இன்னிக்குச் சாப்பாட்டுக்குள்ள அது ஒழுங்கா வரலேன்னா, அதுவும் மேலதான். அப்பாவுக்கு நான் பழையபடி வேகவெச்சே போட்டுடுவேன். டாக்டர் சொன்னது டாக்டர் சொன்னதுதான்."

ஆக, வென்றால் பெரியவர் வாய்க்கு ஓசை. தோற்றால் அந்த வாய்க்கு ஆயுள் முழுதும் அவியல் பதம். நடுவே நின்றது ஒரு காலிஃபிளவர்.

படை திரண்டது. வெண்குடை விரித்தாற்போன்ற காலிஃபிளவர் பூக்கள் முன்னணியில் நின்றன. செவ்வேல் பிடித்தனபோல் கேரட் துண்டங்கள் வலப்புறம் அணிவகுத்தன. பச்சைச் சீருடை பூண்ட பீன்ஸ், நெடியவரும் குறியருமாய், இடப்புறம் வளைத்தது. உருளைக்கிழங்குகள் உருண்டு வந்து பின்னணி காத்தன. நாயகர் அவற்றை நீராட்டினார், துண்டால் ஒவ்வொன்றாய்த் துவட்டினார், உப்பும் மிளகும் தூவினார். மாதரசி தன் கையாலேயே அளந்து ஊற்றிய ஒரே ஒரு கரண்டி எண்ணெயை, அனைவர் மேனியிலும் படும்படி, குழந்தைக்குத் தைலம் தேய்ப்பவர்போல் தடவினார். இதுவரை ஒரு பிழையும் இல்லை. சொல்லப்போனால் பிரமாதம்.

பிழை நேர்ந்தது ஏற்றும்போது.

ஐயகோ, தொழில் என்பது கையோடு நிற்பதா, ரத்தத்தில் ஊறுவதன்றோ! வெற்றுக்கூடையைக் கண்டதும் நாயகரின் கண்ணுக்கு அது கூடையாகத் தெரியவில்லை. காலை நேரத்து முதல் நிறுத்தமாகத் தெரிந்தது. காலிஃபிளவர் அமர்ந்தது, அதன் மடியில் கேரட் அமர்ந்தது, இருவருக்கும் இடையே பீன்ஸ் பக்கவாட்டில் நுழைந்தது, உருளைக்கிழங்கு உள்ளே வர வழியின்றித் தயங்கி நிற்க, அத்தனை ஆண்டுகளாய் அத்தனை ஆயிரம் முதுகுகளைத் தள்ளிப் பழகிய அவ்வுள்ளங்கை தானாகவே எழுந்து அதைத் தள்ளியது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எடம் சும்மாத்தான கிடக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

தட்டில் ஒரு துண்டும் மிச்சமில்லை. இறுதியாக ஓடிவந்த ஒற்றை பீன்ஸையும் படிக்கட்டில் தொங்கவிட்டவாறு கூடையை உள்ளே அறைந்து மூடி, கலத்தின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கலம் உறுமியது. வண்டி கிளம்பிவிட்டது என்று நாயகர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் ஆனது. மணி ஒலித்தது. நாயகர் கைப்பிடியைப் பற்றி இழுக்க, அந்தோ, கூடையிலிருந்து எழுந்தது வெற்றியின் மணமன்று, வெள்ளாவிப் புகை. மூக்குக் கண்ணாடியை மறைத்து, முகத்தை நனைத்து, கூரை தொட்டுக் கலைந்தது. உள்ளே நான்கு இனத்தாரும் ஒருவர் மூச்சில் ஒருவர் வெந்து, ஒருவர் வியர்வையில் ஒருவர் நனைந்து, யார் கேரட் யார் உருளை என்று அடையாளம் குழம்பி, குழைந்து கிடந்தனர். ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். சொதசொதவென்றிருந்தது.

மாதரசி பரணுக்கு ஏறும் முக்காலியை மூலையிலிருந்து எடுத்து வந்து நடுவில் வைத்தாள். சில நேரங்களில் முக்காலியே பேசும்.

அப்போதுதான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஓட்டுநர் எழுந்து வந்தார். பெருவண்டிகளை ஒற்றை விரலால் திருப்பியவர், பெருமூச்சாலேயே பிரேக் போடவல்லவர், கூடைக்குள் குனிந்து பார்த்தார். பின் ஒரு சொல் சொன்னார்.

"ஓவர்லோடு."

இச்சொல்லின் வரலாறு நீண்டது. ஓட்டுநரும் நடத்துநரும் மாமனும் மருமகனும் ஆவதற்கு முன்பே தொடங்கிய பகை இது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கதவை மூடச் சொல்வார், இவர் இன்னும் இரண்டு பேர் என்பார்; வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்கிறது என்று அவர் கண்ணாடி வழியே முறைப்பார், இவர் கண்ணாடியில் தெரியாத இடமாய்ப் பார்த்து நிற்பார். பெண் கொடுத்த பிறகும் இவ்வழக்கு தீரவில்லை. கல்யாணப் பந்தலில்கூட ஒரு வரிசையில் நாற்காலி அதிகம் போட்டுவிட்டதாக ஒரு சிறு சச்சரவு.

"அப்பவே சொல்லுவேன், எங்க கேட்டீங்க? உள்ள காத்து ஓடணும் மாப்ள. நீங்க காத்துக்கே எடம் குடுக்கலையே."

"அப்ப பாதியத் தட்டுலயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா மாமா?"

"ஆமா."

இங்கேதான், காய்களைப் பற்றியதாகத் தோன்றும் இக்கதை, காய்களைப் பற்றியதாக இல்லாமல் போகிறது. ஆட்களை நிறுத்தத்தில் விட்டுச் செல்வது நம் நாயகரால் ஆகாத ஒன்று. மழையில் குடையின்றி நிற்பவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கைகாட்டுபவர், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியோடு கூடவே ஓடி வருபவர் ஆகிய இவர்களை விட்டுவிட்டு விசில் ஊத அவருக்கு மனம் வந்ததேயில்லை. நெரிசலில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். ஏறமுடிந்தவர்கள்தான் திட்டினார்கள் என்பதில் அவருக்கு ஓர் அற்பத் திருப்தி. அவருக்கு அது கொள்கை என்றுகூடத் தெரியாது. பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நாயகர் முக்காலியைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார், சட்டைக் காலரில் இன்றும் வியர்வைக்குக் கைக்குட்டை செருகியபடி, வெறும் வாயைச் சும்மா ஒருமுறை மென்றுகொண்ட அந்த மனிதரைப் பார்த்ததும் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கூடை முழுவதையும் ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து ஓரமாய் வைத்தார். மறுநாளைக்கென்று இருந்த காய்களையும் எடுத்து, மீண்டும் காலிஃபிளவர் நறுக்கினார், கேரட் சீவினார், துவட்டினார், தூவினார். மாதரசி மறுபேச்சின்றி இன்னொரு கரண்டி எண்ணெய் அளந்து கொடுத்தாள். அதற்கு அர்த்தம் இன்னும் ஒரு வாய்ப்பு என்பதும், அதுவே கடைசி என்பதும்தான்.

பிறகு அவர் தம் வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் படாதவாறு, சிலரை மட்டும், எல்லோருக்கும் ஜன்னலோரம் கிடைக்கும்படி, கூடையில் அமர்த்தினார். நடுவே காலியிடம் பளபளத்தது. அதைக் காணக் காண அவர் உள்ளங்கை அரித்தது. தட்டில் காத்து நின்ற பெருங்கூட்டத்தை நோக்கித் திரும்பி, நடத்துநர் குலம் முழுவதும் காலங்காலமாய்ச் சொல்லிவரும் அம்மாபெரும் வாக்கை உரைத்தார்:

"பின்னாடியே காலியா வண்டி வருது."

ஆயிரம் நிறுத்தங்களில் பிறர் சொல்லக் கேட்டும், அவர் தம் வாயால் சொல்லாத வாக்கு. அது மெய்யாகப்போவது இதுவே முதல் முறை.

கலம் உறுமியது. இம்முறை காற்று உள்ளே சும்மா நிற்கவில்லை; சந்து சந்தாய் ஓடியது, அடியில் புகுந்து மேலே வந்தது, ஒவ்வொரு பூவின் ஒவ்வொரு மடிப்பையும் தட்டி எழுப்பியது. பாதி வழியில் நாயகர் கூடையை வெளியே இழுத்துக் குலுக்கினார், பள்ளத்தில் இறங்கி ஏறியது வண்டி, பயணிகள் புரண்டு விழுந்து மறுபக்கம் காட்டினர். "மெதுவா, மெதுவா" என்றார் ஓட்டுநர், பழக்க தோஷத்தில் காலால் தரையை அழுத்தியபடி. மணி ஒலித்தது.

விளிம்பெல்லாம் பொன்னிறம், நுனியெல்லாம் செம்பழுப்பு. பெரியவர் ஒரு காலிஃபிளவர் துண்டை எடுத்தார். ஊதினார். வாயில் இட்டார். அண்டம் சற்று நின்றது, மாதரசியின் கை முக்காலியின்மேல் நின்றது, நாயகரின் மூச்சு நின்றது.

மொறுக்.

பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். இன்னொன்று, இன்னொன்று. கடிக்கும் ஓசை வீட்டின் சுவர்களில் மோதித் திரும்பியது. அத்தனை நாள் பொத்திவைத்த சந்தோஷம் அவர் தாடையெங்கும் ஏறி இறங்கியது. "கிளப்புங்க மாப்ள, அடுத்த வண்டிய" என்றபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மாதரசி முக்காலியை இருந்த மூலையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்பாவின் தட்டிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். பேரரசுகள் இதைவிடக் குறைந்த சொற்களில் நிலைத்ததில்லை.

அதன்பின் நடை மேல் நடை ஓடியது. நாயகர் ஏற்றினார், குலுக்கினார், இறக்கினார். இறக்கியதைக் கொண்டுபோய் வைத்தார். வைத்ததை அப்பாவும் மகளும் அங்கேயே முடித்தனர். காலித்தட்டோடு திரும்பி மீண்டும் ஏற்றினார். நிறுத்தத்தில் நின்ற ஒருவரையும் அவர் விடவில்லை. காத்திருந்த கடைசி பீன்ஸும் ராஜமரியாதையோடு ஜன்னலோரப் பயணம் போய்வந்து, பெரியவரின் வாயில் மொறுக்கென்று முக்தி அடைந்தது. இறுதி நடையின் தட்டோடு நாயகர் அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவே நின்றபோது, தட்டில் உப்புத் துகள் மட்டுமே இருந்தது. தாம் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாப்ள, நிக்காதீங்க. உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்கேன்."

மேசையின் மறுமுனையில், காலி நாற்காலிக்கு முன்னே, ஒரு சின்னக் கிண்ணம். அதன்மேல், இருக்கை பிடிக்கப் போடுவதுபோல், நான்காய் மடித்த ஒரு துவைத்த கைக்குட்டை. முதல் நடையிலிருந்தே எடுத்து, ஆறாமல் இருக்க மூடி, மகளின் கைக்கும் தம் கைக்கும் எட்டாமல் காத்து வைத்திருந்தார் பெரியவர். நகரம் முழுவதையும் உட்காரவைத்த நம் நாயகருக்கு, நடத்துநருக்கென்று ஒதுக்கிய இருக்கையிலும் எந்நாளும் ஒரு கர்ப்பிணியோ ஒரு கைப்பிள்ளைக்காரியோ அமர்ந்திருக்க, சக்கரம் சுழன்ற காலமெல்லாம் நின்றே வந்த நாயகருக்கு, ஒருவர் இடம் போட்டு வைத்தது இதுவே முதன்முறை. கண் கலங்க, அரியணை ஏறும் மன்னரென அவர் நாற்காலியில் அமர்ந்தார். மாமனும் மகளும் செவி தீட்டிக் காத்திருக்க, கைக்குட்டையை விலக்கி, உள்ளிருந்தவற்றுள் பெரிய பொன்முடிப் பூவைத் தேர்ந்தெடுத்து, உயர்த்தி, வாயில் இட்டு, இப்போருக்கெல்லாம் பயனாகிய அப்பேரோசை எழும் பொருட்டுப் பற்களை அழுத்தினார்.

மூடி வைத்ததில் அது நமுத்துப் போயிருந்தது, ஆனாலும் அவர் நல்லா இருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டு முடித்தார்.