மச்சானின் கோப்பையும் உம்மாவின் சட்டின் உறையும்

ஒரு வீட்டில் ஒருத்திக்குக் கணினி தெரியும் என்று பெயர் விழுந்துவிட்டால் அவள் கதை முடிந்தது. மின்விசிறி சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சரிசெய்து கொடுத்தால் ஒரு நன்றி கிடையாது. பிசகினால் ஆயுளுக்கும் பேச்சு. கற்பிட்டியில் எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். என் டிப்ளோமாச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியது வாப்பா. (மாட்டச் சொல்லி மூன்று நாள் அழுதது நான். அதை விடுங்கள்.)

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்துவிடுவார். மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், முந்தலில் இருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு பழைய கணினியோடும் வந்து இறங்கினார். அந்தக் கணினிக்குள் அதைவிடப் பழைய ஒரு கால்பந்து விளையாட்டு இருந்தது. பள்ளிக்கூடக் காலம் தொட்டு அதில் ஓர் அணியை வளர்த்து வந்தார். அணியின் பெயர் முந்தல். வீரர்களுக்கெல்லாம் தன் கூட்டாளிமாரின் பெயர்கள். கடைசிப் பிரிவில் தொடங்கி, விழுந்து எழும்பி, கோப்பையின் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்கள். அதை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஆடுவதென்றும், கூட்டாளிமார் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தாங்களே கோப்பை தூக்குவதைப் பார்ப்பதென்றும் ஏற்பாடு. கோல்காப்பாளர் ரிஸ்வானுக்கு மறுநாள் கத்தாருக்கு விமானம். ஆகவே தள்ளிப்போடவும் முடியாது.

ஆனால் விளையாட்டு ஓட வேண்டுமே. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வீரர்கள் களப்புத் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நடப்பதுபோல் நடந்தார்கள். பிறகு அசையாமல் நின்றார்கள். பிறகு திரை கறுத்தது. மச்சான் வாய் திறக்கவில்லை. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் குறை சொல்வாரா? சாப்பாட்டில் மட்டும் பாதியில் எழும்பினார். உம்மாவுக்கு அது போதும்.

“மாப்புளட முகம் வாடிப் போய் இரிக்கி. கோவிச்சிக்கிட்டு அவர்ட உம்மா ஊட்டுக்குப் போனா ஊர் என்னத்த சொல்லும்? நீ படிச்ச புள்ளதானே, போய்ப் பாரு,” என்றார்.

மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் இறால் பண்ணைக்கு வேலைக்குப் போன பிறகுதான் நான் அறைக்குள் போவேன். கணினியின் பெட்டிக்கு உம்மா ஓர் உறை தைத்திருந்தார். ரோஜா நிறச் சட்டின் துணி, உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் லேஸ். கற்பிட்டிக் காற்றுக்குப் பறந்துவிடாமல் பின்னால் வயரோடு சேர்த்து நாடாவால் ஒரு கட்டு. மாப்பிள்ளையின் சாமானில் தூசி படலாமா? நான் நாடாவை அவிழ்த்து, உறையைக் கட்டிலில் போட்டுவிட்டு, விளையாட்டைத் தொடங்குவேன். அது குதிரைபோல் ஓடும். எனக்கு முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. நான் எழும்பினதும் உம்மா வந்து உறையைத் திரும்பக் கட்டிவிடுவார்.

இருந்தாலும் படித்தவள் அல்லவா? பழைய விளையாட்டுக்குப் புதிய இயங்குதளம் ஒத்துவராது என்று பொருத்த முறையை மாற்றினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். (ரிஸ்வானுக்கு மூக்கு காணாமல் போனது.) திரையட்டைக்கான மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். மெமரியைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். அத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு பின்னேரமும் ராத்தா வந்து ஒரே பாட்டைப் பாடினாள்.

“இன்னமும் நிக்கிதாம்டி.”

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. “மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. விளையாடுறவர்ட கையிலதான் பிழை. அப்பிடியே போய்ச் சொல்லு,” என்றேன். குசினிக்குள் அடுப்படியில் நின்று வாசலுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். வாசலில் மச்சான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அவர் பாதியில் எழும்பவில்லை. சாப்பிட உட்காரவே இல்லை. உம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டாளிமார் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து புரியாணியை முடித்துவிட்டு, அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். நான் அறை வாசலின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். முந்தல் ஒரு கோல் முன்னால் நின்றது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். அப்போது வீரர்கள் மெல்ல மெல்லக் களப்புக்குள் இறங்கினார்கள். பந்து கோலை நோக்கி வர, திரையில் ரிஸ்வான் பாய்ந்தவாறே ஆகாயத்தில் நின்றுவிட்டார். உண்மையான ரிஸ்வான் உட்கார்ந்திருந்த கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கண்டேன். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் அந்த உறை, விருந்தாளிகளுக்காகப் புதிதாக ஸ்திரிக்கை போட்டு, நாடா இறுக்கிக் கட்டியபடி. ஓடாதபோது மூடி வைக்கிற உறை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? இத்தனை நாளும் அந்த மனிதர் பஞ்சு உறைக்குள் வைத்துத்தான் அதை ஓட்டியிருக்கிறார். மூச்சு விட இடமில்லாமல் அது சூடேறிச் சூடேறிச் செத்திருக்கிறது. நானோ அழிறப்பரும் கையுமாக மெமரி தேய்த்திருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வழக்கமும் மறந்தது, முக்காடும் மறந்தது. கையில் இருந்த சோற்றுக் கரண்டியோடு உள்ளே பாய்ந்து உறையைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தேன். நாடாவை வயரோடு கட்டியிருந்ததை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்? உறை வந்தது. வயர் வந்தது. பின்னால் கணினியும் வந்து சிமெந்துத் தரையில் விழுந்தது.

ரிஸ்வான் கறுத்த திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப கப்ப நாங்க வெண்டமா?”

“உறையப் போட்டுக்கிட்டு ஓட்டினா நிக்காம என்ன செய்யும்? இவ்வளவு பேர்ல ஒருத்தருக்கும் விளங்கல்லயா?” என்று கத்தினேன்.

மச்சான் விழுந்து கிடந்ததைப் பார்த்தபடி முதல்முறையாக என்னோடு நேரே பேசினார். “எனக்கு மொத நாளே விளங்கிட்டு தங்கச்சி. மாமி கட்டின உறைய நான் எப்பிடி அவுக்கிற?”

கணினி பிறகு எழும்பவே இல்லை. அணியும் அதோடு போனது. (பிரதி எடுத்து வைத்திருக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் வரவேண்டாம்.) பெருநாளைக்குப் பெருநாள் ரிஸ்வான் கத்தாரில் இருந்து அழைத்து, பந்தைப் பிடித்தாரா விட்டாரா என்று என்னைத்தான் கேட்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் உம்மா அந்தச் சான்றிதழுக்குக் கீழே நின்றுகொண்டு, “இவதான் மாப்புளட கப்ப ஒடச்சவ,” என்று என்னை அறிமுகப்படுத்துகிறார். உறை தைத்தவர் மரியாதை தெரிந்தவர். அவிழ்க்காமல் இருந்தவர் அதைவிட மரியாதை தெரிந்தவர். அவிழ்த்தவள் மட்டும் குற்றவாளி. இது என்ன நியாயம்?

அந்தச் சட்டினை உம்மா வீணாக்கவில்லை. வெட்டிச் சின்னதாகத் தைத்து வைஃபை பெட்டிக்குப் போட்டிருக்கிறார். போன கிழமை மச்சான் ஹோலில் இருந்துகொண்டே குசினியில் நின்ற எனக்கு அழைப்பு எடுத்தார்.

“தங்கச்சி, வைஃபை சூடாகிச் சூடாகி நிக்கிது. ஒருக்கா வந்து பாக்கிறியா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உறைய மட்டும் தொட்டுறாத. மாமி இங்கதான் இரிக்கிறா.”