தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்த லீவு

வாயில் தெர்மாமீட்டர் இருந்தால் காய்ச்சல் என்றுதான் அர்த்தம். வேறு காரணம் இருக்கலாம் என்று அறுபதுகளின் காரைக்குடியில் யாரும் நினைத்ததில்லை. நான் மாட்டிக்கொண்டதே அதனால்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. (ஊரார் யோசனைகள்தான் வருடத்துக்கு ஒன்பது பிறந்தன.) தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தேன். அந்த வருடம் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. மதுரை டாக்டரம்மா, அங்கேயே தங்கி வைத்தியம் பார்த்தால் நல்லது என்றார். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன். சரி, தினமும் விழித்ததும் எழாமல், பேசாமல் உடம்புச் சூட்டையாவது பார், கரு தங்கத் தோதான நாள் தெரியும் என்றார்.

மறுநாள் காலையில் மாமியார் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். பேசக் கூடாதே, கையை ஆட்டினேன். அடுத்த நாளும் அதே கதை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தையிடம் சொன்னது மத்தியானத்துக்குள் தேவகோட்டை போய்விடும். தினமும் காய்ச்சல், ஆளும் ஒல்லி என்று கூட்டிக் கழித்து, எனக்குக் காசநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டில் தனி டம்ளர் வந்தது. எவ்வளவு கூட்டமானாலும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. (அது மட்டும் சுகமாகத்தான் இருந்தது.)

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். உண்மையைக் கொட்டிவிடலாம் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நோய்னு வந்துட்டா என்ன செய்ய முடியும் டீச்சர்? மூணு மாசம் லீவு போட்டு உடம்பைப் பாருங்க, உங்க இடம் அப்படியே இருக்கும். போன வருசம் ஒரு டீச்சர் பிள்ளை உண்டாக வைத்தியம் பாக்கணும்னு லீவு கேட்டாக. அவுகளை ஒரேயடியா வீட்டுல இருக்கச் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்து, இருமினேன். அவர் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

நோயாளிக்குக் காத்திருக்கிற வேலை, தாயாக ஆசைப்படுகிறவளுக்குக் காத்திருக்காது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்குக் கோபப்பட நேரமில்லை, மதுரை பஸ்ஸைப் பிடித்தேன். டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஓய்வு தேவை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வேலை நிரந்தரமானபோது மகள் வயிற்றில் இருந்தாள்.

அவளைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கணவரிடம் தயங்கித் தயங்கி, "வீட்டம்மாவுக்கு முன்னாடி ஏதோ நெஞ்சு நோய் இருந்துச்சாமுல்ல?" என்று கேட்டார்.

"ஆமா, இருந்துச்சு" என்று மகளைக் காட்டினார் இவர். "இந்தா, காபி கொண்டு வருது பாருங்க."

நான் தலைகுனிந்தபடி முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தம்மா சிரித்த சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது. இன்றைக்கும் மகள் ஊரிலிருந்து வந்து இறங்கினால், "உன் காசநோய் வந்துருச்சு" என்றுதான் இவர் எனக்குக் குரல் கொடுப்பார்.