டைம் கீப்பர் சர்வர் தேடிய கதை

வாயைத் திறக்காமலே இரண்டு கம்பெனிக்காரர்களைத் திணறடித்த மனிதர் சங்கரன்கோவிலில் ஒருவர்தான் உண்டு. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்ப்பது அவர் உத்தியோகம்.

மைக் கொடுத்திருந்தார்கள், அதை அவர் தொட்டதே இல்லை. "வாசுதேவநல்லூர் ஏறு! திருவேங்கடம் ஏறு!" என்று அவர் குரல் கொடுத்தால், எதிரே என் ஜெராக்ஸ் கடையில் மேஜைக் கண்ணாடி அதிரும். ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பிய பஸ்ஸை விசிலடித்துக்கொண்டே ஓடி மறித்து, பின்னாலேயே நகர்த்தி ஸ்டாண்டுக்குள் கொண்டுவந்து, அந்த ஒரு நிமிஷத்தை நிற்கவைத்து அனுப்பியவர் அவர்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஸ்டாண்டுக்கே வந்து உட்காருவார். பழக்கத்தில் யாராவது, "அண்ணாச்சி, இளையரசனேந்தல் வண்டி போயிட்டா?" என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பார். காற்றுதான் வரும். கேட்டவர்கள் சங்கடப்பட்டு வேறு ஆளிடம் போவார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வராது. பேப்பர் சிக்கியதுபோல ஜெராக்ஸ் மெஷினுக்குள் குனிந்துகொள்வேன்.

இந்த மனிதர்தான் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தார். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற கல்லூரிப் புத்தகங்களில் கரையான் அரிக்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு வருஷம் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். போனில் ஊர் பெயரைத் தட்டினால், அடுத்த பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று அது சொல்லும். லேட்டான வண்டி, பஞ்சரான வண்டி எல்லாவற்றையும் அவர் ஸ்டாண்டில் இருந்தபடியே பதிந்துவிடுவார். பதில் உடனே மாறும். போன குரலுக்குப் பதிலாக அவர் செய்துகொண்ட குரல் அது.

கடைக்குள் நன்றாக ஓடியது. ஊருக்கே ஓட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கம்பெனியின் சர்வரில், அதாவது இன்டர்நெட்டில் எந்நேரமும் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில், வாடகைக்குக் குடிவைக்க வேண்டும். ஜாவாவுக்கு அங்கே ஓர் எஞ்சின் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். எல்லா இடத்திலும் அதற்கு வசதி கிடையாது. கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டு விசாரிக்க வேண்டும். வாய் என்னுடையது, கேள்வி அவருடையது என்று ஏற்பாடு. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி நீட்டுவார்.

முதல் கம்பெனிக்காரர், "ஜாவா இல்ல சார், வேற மொழியில மாத்தி எழுதிட்டு வாங்க" என்றார். 'வே, நான் படிச்சது ஒண்ணுதான்னு சொல்லிட்டு போனை வையும்' என்று தாள் வந்தது. அப்படியே சொன்னேன். போனையும் வைத்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் ஜாவா உண்டு. ஆனால் கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் புரோகிராம் தூங்கிவிடும், ஆள் வந்தால் எழுந்துகொள்ளும் என்றார்கள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. 'டூட்டில தூங்குதானா? மெமோ கொடுக்கச் சொல்லும்.'

"அண்ணாச்சி சொல்லுதாவ, தூங்குதவனுக்கு ஒரு மெமோ கொடுக்கணுமாம்."

"யாருக்கு சார்?"

எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் மூன்று நாள் வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் தட்டி அதை எழுப்பினார். கோமதியம்மன் சன்னதியில் தீபாராதனையை ஒற்றைக் கையால்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொரு கை எழுப்பிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் ஸ்டாண்டு பெஞ்சில் அவரே தூங்கிவிட்டார்.

மூன்றாவது கம்பெனி, தங்கள் சர்வர் தூங்கவும் தூங்காது, நிற்கவும் நிற்காது என்று அடித்துச் சொன்னது. ஏற்றினோம். அன்று சாயங்காலமே வினை வந்தது.

செல்லத்தாய் என்று ஒரு பெண், இளையரசனேந்தலில் இருந்து மல்லிகை கொண்டுவந்து போடுகிறவள். போனைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். ஐம்பது நிமிஷம் இருக்கிறது என்று அது சொல்ல, வளையல் கடைக்குப் போய்விட்டாள். உண்மையில் பத்தே நிமிஷத்தில் கடைசி பஸ் போய்விட்டது. சர்வர் இருப்பது ஏதோ வெளிநாட்டில்; நம் சாயங்காலம் அதற்கு மத்தியானம். மத்தியான பஸ்ஸுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள், ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அண்ணாச்சி அவளையும் பூக்கூடையையும் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் நான் கோபத்தோடு போன் போட்டேன். "அது சர்வர் மணி சார். உங்க புரோகிராம்ல ஒரு வரி சேர்த்திருக்கணும். தப்பு உங்க பக்கம்தான்" என்றார் அந்த ஆள். நான் சண்டைக்குக் கிளம்பும்போது தாள் வந்தது. 'அவரு சொல்லுதது சரி. தப்பு என்னது. சர்வீஸ்ல ஒரு ஆளைக்கூட நான் வண்டி தவற விட்டதில்ல.' புரோகிராமை நிறுத்திவிட்டு, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை.

எட்டாம் நாள் செல்லத்தாய் கடைக்கு வந்தாள். "ஏண்ணே, அந்த பஸ் சொல்லுத சமாச்சாரம் எங்க? போன்ல காணோமே?"

"அதை நம்பித்தான நீ பஸ்ஸ விட்ட? அதான் அண்ணாச்சி மூடிட்டாவ."

"நல்லாருக்கே! ஒரு நா தப்பிட்டுன்னா கடையை அடைப்பாவளா? பஸ்ஸ விட்டா வீட்டு வாசல்ல கொண்டு எறக்குத டைம் கீப்பரு வேற எந்த ஊருல இருக்காவ? நான் கேட்டேன்னு போய்ச் சொல்லுங்க."

அப்போதே கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார். 'அடுத்த கம்பெனிக்குப் போடும்.'

நாலாவது கம்பெனியில் பவானி என்று ஒரு பெண் பேசினாள். 'வண்டி வழியில நிக்குமா?' என்று தாள்.

"நிக்கும் சார்" என்றாள் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஞாயித்துக்கிழமை காலைல அரை மணி நேரம் பராமரிப்புக்கு நிறுத்துவோம். முன்னாடியே சொல்லிடுவோம். ஜாவா தூங்காது. மணியும் நம்ம ஊர் மணிதான். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா பவானின்னு கேளுங்க, நான் பாத்துக்கறேன்."

அண்ணாச்சி கொட்டை எழுத்தில் எழுதினார். 'நிக்கும்னு சொல்லுதவளுக்குத்தான் ஓட்டத் தெரியும். இதையே முடிச்சிரும்.' விட்டுப்போன அந்த ஒரு வரியையும் அன்றே சேர்த்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஸ்டாண்டு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நல்ல கூட்டம். ஒரு பெரியவர் யாரையோ பார்த்து, "இளையரசனேந்தல் வண்டி போயிட்டா?" என்றார். பழக்கத்தில் அண்ணாச்சி வாயைத் திறந்துவிட்டார்.

அதற்குள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற செல்லத்தாய், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல தாத்தா. வண்டி லேட்டாம், கால் மணி நேரம் ஆகும்னு டைம் கீப்பரு சொல்லுதாவ."

"அவுக சொன்னா சரிதான்" என்று பெரியவர் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை. என் முழங்கையைப் பிடித்தவர், அந்த பஸ் வந்து போகும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு என் வாய் தேவைப்படவில்லை. பவானியின் சர்வரும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஏதாவது சின்னக் கோளாறு வந்து, அவர் ரோட்டைத் தாண்டி வந்து ஒரு தாளை நீட்ட மாட்டாரா என்று நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.