நாமக்கல்லில் வீசிய காந்தப்புயல்

சூரியன் தும்மினால் முதல் ஆளாக 'நூறாயுசு' சொல்லக்கூடியவர் உலகத்திலேயே எங்கள் புயலண்ணன் ஒருவர்தான்.

நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு எதிர் மேஜை. அதன்மேல் ஒரு காலி ஊறுகாய் பாட்டில். உள்ளே நூலில் தொங்கும் காந்தம், காந்தத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டு. லேசர் விளக்கின் ஒளி அதில் பட்டு எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும். சூரியனின் சீற்றம் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கினால் புள்ளி நகர்ந்துவிடுமாம்.

ஒருநாள் நகர்ந்தது. "வந்துருச்சுங்க! காந்தப்புயல் வந்துருச்சுங்க!"

வெளியே ஓடிப் பார்த்தோம். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து சுவரோரம் நின்றிருந்தது. அத்தனை இரும்பு பக்கத்தில் வந்தால் எந்தக் காந்தம் சும்மா இருக்கும்? அந்த வாரம் மூன்று புயல். மூன்றும் லாரி.

முதலாளி பொறுமையிழந்தார். "ஏனுங்க, இன்னொருக்கா பொய்ப்புயல் வந்துச்சுன்னா பாட்டிலு குப்பைக்குப் போயிருமுங்க."

அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை. "ஒரு பாட்டில்தானே, விடுங்கண்ணா" என்றேன்.

"அதானுங்க தப்பே! ஒரு டிரைவர் மழைங்கறான். மழை அவன்கிட்ட வந்துச்சா, அவன் மழைக்குள்ள போனானா? நாலு டிரைவரைக் கேட்டாத்தானுங்க தெரியும். அதுக்குத்தான் மேல ஒண்ணுக்கு நாலா சேட்டிலைட்டு உடறாங்க!"

மறுவாரமே பரமத்தி வேலூர் வெற்றிலைக்காரர், ஆட்டையாம்பட்டி நெசவாளர், மேச்சேரி ஆட்டு வியாபாரி மூவர் வீட்டிலும் பாட்டில் தொங்கியது. புள்ளி நகர்ந்தால் உடனே போன் செய்ய வேண்டும். ஒரு மாதம் முழுக்க மேச்சேரியிலிருந்து மட்டும்தான் போன் வந்தது: "ஆடு முட்டிருச்சுங்க."

ஒருநாள் மதியம் மூன்று மணி. எங்கள் சுவரில் புள்ளி ஒரு விரல் அகலம் நகர்ந்தது. வாசலில் லாரியே இல்லை. அண்ணன் கத்தவில்லை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு போனையே பார்த்தார்.

வேலூர் அழைத்தது. பேசி முடிப்பதற்குள் ஆட்டையாம்பட்டி. கடைசியாக மேச்சேரி: "அண்ணா, ஆடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருச்சுங்க! ஆனாலும் புள்ளி நகருதுங்க!"

"வந்துருச்சுங்க!" என்று கத்தியது முதலாளி. அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் பலவும் அதே மதியம் காந்தப்புயலைப் பதிவு செய்ததாக மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்குள் முதலாளி வெளியே பலகை மாட்டியிருந்தார்: 'இந்தச் சுவரோரம் லாரி நிறுத்தாதீர்.'

நான் ராசிபுரத்துக்கு மாறியபோது அண்ணன் எனக்கும் ஒரு பாட்டில் தந்தார். புள்ளி பெரும்பாலும் நகருவதில்லை. ஆனாலும் தினமும் போன் செய்து, "இன்னைக்கும் ஒண்ணுமில்லைங்கண்ணா" என்பேன்.

"சரிங்க சாமி. சாப்டீங்களா?" என்பார். அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு அன்றைய நாள் நாளாகவே இருப்பதில்லை.