நட்டுவைத்த போட்டு

உலகத்திலேயே கழுதைகளுக்குச் சிற்பம் செய்து போட்ட ஒரே கலைஞர் எங்கள் கற்பிட்டிப் பெயின்ட் நானாதான். கழுதைகளுக்காகச் செய்யவில்லை என்று இன்றைக்கும் மறுப்பார். இருக்கட்டும். தின்று தீர்த்தது அவைதானே.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து முந்தலில் குடியேறிய குடும்பம். கற்பிட்டிக் கரையில் ஒரு சின்ன மீனவர் சங்கத்தில் எனக்கு கணக்கு எழுதும் லிகிதர் வேலை கிடைத்தது. சங்கக் காரியாலயம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, ஒரு மேசை, கால் ஆடும் கதிரை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். வேலை குறைவு. அதனால் வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் நிறைய இருந்தது.

நானாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. போட்டுகளுக்கு, அதாவது மீன்பிடிப் படகுகளுக்கு, பெயர் எழுதுவார். கடைகளுக்கு போர்ட், த்ரீவீலுக்கு ரோஜாப்பூ, பள்ளிக்கூடச் சுவருக்கு மயில். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் மனைவி முனீரா ராத்தா 'இந்த மனுசன்' என்பார், மற்றவர்கள் அண்ணன் முறை வைத்து 'பெயின்ட் நானா' என்பார்கள். பெயின்ட்டை விட்டு ஒழித்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய மனவருத்தம்.

விட்டது எப்படி என்றால், கடலுக்குப் போக நேவிக்காரன் பாஸ் கேட்கிற காலம் போய், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் வழுக்கி ஓடும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கக் கபானாக்கள் என்று ஓலைக் குடில்கள் முளைத்தன. கபானாக்களுக்கு போர்ட் வேண்டும். ஒருநாள் நானா போர்ட் எழுதிக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றாள். அவளும் படம் கீறுகிறவளாம். நானா ஆசையோடு தான் கீறிய சூரிய அஸ்தமனத்தைக் காட்டினார். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்த பலகையைக் கண்டு அவள் வாயைப் பிளந்தாள். முப்பது வருடமாக நானா பிரஷ் துடைத்து வந்த பலகை அது. அதைத்தான் பதினான்கு படம் எடுத்தாள்.

அன்று பின்னேரம் நானா என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, முப்பது வருசம் கீறினன். ஒருத்தி வந்து பிரஷ் தொடைக்கிற பலகையப் பாத்து அழகு எண்டுறா. அப்ப நான் கீறினதெல்லாம் என்னத்த?”

“விடுங்கோ நானா. வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும்?”

“இல்ல தம்பி. ஊட்ட போய் நானும் பலகையப் பாத்தன். நல்லாத்தான் இரிக்கி.”

அதோடு பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டார். கபானாக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நானா கதவைத் திறக்கவில்லை.

இனி ஒன்றுக்கும் உதவாத, பார்க்க மட்டுமான ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முதலில் உப்பில் இறங்கினார். புத்தளத்து உப்பளத்திலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து, வீட்டு முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் அலை செய்தார். மனித உருவம் செய்ய மாட்டார், மார்க்கத்துக்கு ஆகாது. அலைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் போய்ப் பார்த்தேன். எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. ஆனால் வெயிலில் அது மினுங்கிய விதம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் ஊர்க் கழுதைகள் ஒன்பது, வரிசையில் நின்று அலையை நக்கிக்கொண்டிருந்தன. ராத்தா விளக்குமாறோடு பாய்ந்தார். நானா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“விடுங்க. என்ட வேலைய ஆற அமர ரசிக்கிறது இதுகள் மட்டுந்தான்.”

ஐந்து நாளில் அலை முடிந்தது. கழுதைகள் இன்னும் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அடுத்தது சத்தம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்புகிற நேரம் பார்த்து, கூரை முழுக்க வெற்றுப் போத்தல்களையும் தண்ணீர்க் குழாய்த் துண்டுகளையும் கட்டினார். காற்று வந்து ஊதும், வீடு பாடும் என்பது திட்டம். கற்பிட்டிக் காற்று ஊதுகிற காற்றா? அது அடிக்கிற காற்று. வீடு பாடவில்லை, ஒப்பாரி வைத்தது. மூன்றாம் நாள், தொழுகைக்குப் பாங்கு சொல்லும் பள்ளிவாசல் மோதினார் மிகவும் பணிவாக வந்து, “நானா, ஒங்கட கூரை பாங்குக்கு முந்திக்கொண்டு கூப்பிடுது” என்றார். நானா அந்த நிமிடமே ஏணியை எடுத்தார். அப்படியான விஷயங்களில் மனிதர் வாதாடவே மாட்டார்.

கச்சான் அடங்கி, கடல் தொழிலுக்குத் திறந்ததும் மூன்றாவது யோசனை வந்தது. கரையில் உடைந்து கிடந்த ஒரு ஃபைபர் போட்டை ஆள் வைத்து நிமிர்த்தி, முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்க மணலில் நட்டார். செக்கச் செவேலென்ற போட்டு. என் ஜன்னலுக்கு நேரே இருபது அடி உயரத்துக்கு நின்றது.

“உதென்ன நானா?” என்றேன்.

“கடலுக்கு ஒரு கேள்வி.”

“என்ன கேள்வி?”

“அது எனக்கும் கடலுக்கும் உள்ள கதை.”

முனீரா ராத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. சங்கத்துக்கே வந்து, என்னைச் சாட்சியாக வைத்து நிபந்தனை போட்டார். “அடுத்த கச்சான் எழும்புறதுக்குள்ள இதுக்காக நிண்டு ஒரு மனுசன் இதப் பாக்கோணும். ஒரே ஒரு மனுசன் போதும். பாக்காட்டி இவரு திரும்பப் பிரஷ்ஷ எடுக்கோணும். தம்பி, நீங்க ஜன்னலால பாத்து உண்மையச் சொல்லோணும்.”

நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒத்துக்கொண்டார். ஒருவராவது பார்ப்பார் என்று அவர் நம்பியிருந்தது அந்த ஒரு போட்டைத்தான். பிரஷ் எடுக்கச் சொன்னால் எடுப்பார், எழுதுவார், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்று எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு மெதுவாகத் தொடங்குவார்.

“யாரும் வந்தாங்களா?”

“ஒருத்தர் அதில சாரத்தைத் தோய்ச்சுக் காயப்போட்டார்.”

“அதுக்குப் பொறகு?”

“ஒரு ஆடு வந்தது.”

“ஆடு பாத்திச்சா?”

“இல்லை நானா. மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு படுத்தது.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பல தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தபடி கேட்கும்போது பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் இப்படியே போனது. நானா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். போட்டில் பிழை இல்லை, நிற்கிற இடத்தில்தான் பிழை. ரோட்டில் போகிறவர்களுக்குத் தென்னைகள் மறைக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆறு பேரைச் சேர்த்து, முப்பது காலடிக் கவடு தெற்கே, ரோட்டுப் பக்கமாக இழுத்துப் புதைத்தார். இப்போது பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். எனக்கும் அது கெட்டித்தனமான வேலையாகவே பட்டது.

மறுநாள் காலை நானா தேத்தண்ணியை வாயில் வைக்கவும், பவுலு அண்ணர் சங்கத்துக்குள் புயலாக நுழையவும் சரியாக இருந்தது. பவுலு அண்ணர் சொந்தமாகச் சின்னப் போட்டு வைத்துத் தொழில் செய்பவர். தோளில் கந்தலாகக் கிழிந்த வலை.

“ஆர் அந்தப் போட்ட நகத்தினது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டை நகர்த்தினால் வலை ஏன் கிழிய வேண்டும்? கத்தலுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் கரைக்கு நேரே கடலுக்கடியில் ஒரு பார் உண்டு. பார் என்றால் கல். அது முடிகிற ஓரத்தில்தான் மீன். வலையை ஓரத்துக்கு வடக்கே விட்டால் மீன் படும், தெற்கே விட்டால் கல்லில் மாட்டிக் கிழியும். பெரிய போட்டுகளில் இடம் காட்டுகிற பெட்டி இருக்கிறது. சின்னப் போட்டுக்காரர்கள் கரையில் இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து இடம் பிடிப்பார்கள். நானா போட்டை நட்ட நாள் முதல், பின்னால் தெரியும் ஊர்த் தண்ணீர்த் தாங்கியும் முன்னால் நிற்கும் அந்தச் சிவப்புப் போட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும் கோடுதான் அவர்களுக்கு எல்லை. எங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கரையில் நிற்கும் மரத்தை யாராவது அனுமதி கேட்டா பார்ப்பார்கள்?

நானா கோப்பையை வைத்தார். அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

“பவுலு, நீங்க அதப் பாக்கிறீங்களா?”

“மூணு மாசமா விடியத்தால அதத்தானே மனுசன் பாக்கிறன்!”

“கடல்ல இருந்தா? எவ்வளவு தூரத்துல?”

“வலை கிழிஞ்சி போச்சி எண்டு சொல்லுறன்!”

“ஓம், ஓம். அங்க இருந்து பாத்தா எப்பிடி இரிக்கி?”

“செவப்பா இரிக்கி!”

“அதுக்குப் பொறகு?”

“பொறகு என்ன பொறகு? கிழிஞ்ச வலைதான் பொறகு!”

செய்தி கேட்டு ராத்தா ஓடி வந்தார். நான் சாட்சி சொன்னேன். “பாத்திருக்கினம் ராத்தா. ஒரு ஆள் இல்லை, சங்கத்துச் சின்னப் போட்டு பதினேழும்.” ராத்தா கிழிந்த வலையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், வலையை வாங்கிப் பிரித்துப் பழுது பார்க்க உட்கார்ந்தார்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பவுலு அண்ணர் ஒன்று சொல்லிவிட்டார். போட்டைப் பழைய இடத்திலேயே நட்டு, இனி ஒருவரும் அசைக்காதபடி அடியில் சீமெந்து போட வேண்டும்.

நானாவின் முகம் இருண்டது. “சீமெந்தா? அது கடலுக்கு ஒரு கேள்வி.”

“கேள்வியோ கத்தரிக்காயோ, எனக்கு அது அங்கதான் நிக்கோணும்.”

நானா எழுந்து போனவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குந்தியிருந்தார்.

“தம்பி, அவங்க அதப் பாக்கல்ல. பாவிக்கிறாங்க. கடை இஞ்ச இரிக்கி எண்டு காட்டத்தான் போர்ட். மீன் அங்க இரிக்கி எண்டு காட்டத்தான் இது. அப்ப நான் திரும்பவும் போர்ட்தானே செஞ்சிரிக்கிறன்?”

விளங்காத இடத்தில் எனக்குக் கோபம் வரும். “நானா, நீங்க ஒருக்காலாவது கடலில நிண்டு அதைப் பாத்தனீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

பார்த்ததில்லை. முப்பது வருடம் போட்டுகளுக்குப் பெயர் எழுதியவர் ஒரு போட்டிலும் ஏறியதில்லை. கடல் என்றால் பயம். வீட்டில் வாளித் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும் என்று ராத்தா உள்ளேயிருந்து சேர்த்துக்கொண்டார். நானா சாரத்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, “பவுலுவக் கூப்பிடுங்க” என்றார்.

போட்டைப் பழைய இடத்தில் வைப்பதற்கும் கடலில் இறங்குவதைத் தவிர வழி இருக்கவில்லை. பழைய குழியையும் இழுத்த தடத்தையும் காற்று மணல் போட்டு மூடிவிட்டது. கவடு எண்ணினால் ஆளுக்கு ஒரு இடம் வந்தது, சரியான இடம் எது என்று கரையில் ஒருவருக்கும் தெரியாது. கடலிலிருந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கரையில் பத்துப் பேர் போட்டைத் தாங்கிப் பிடித்து நிற்க, முனீரா ராத்தா தலைமை. கடலில் பவுலு அண்ணர், நானா, நான். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் நானா விளிம்பில் குனிந்து முதல் தடவை சத்தி எடுத்தார். பவுலு அண்ணர் கயிற்றில் ஈயக்குண்டை இறக்கினார். டக்கென்று கல். இரண்டு துடுப்புப் போட்டு மறுபடி இறக்கினார். மெத்தென்று மணல்.

“இதுதான் ஓரம். பாருங்க நானா.”

நானா பார்த்தார். தென்னைகளெல்லாம் ஒரே பச்சைக் கோடு. வீடுகள் தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கியை விட்டால், அவ்வளவு பெரிய கரையில் தனியாகத் தெரிந்தது அந்தச் சிவப்பு ஒன்றுதான். நானும் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நானா தலைத் தொப்பியைக் கழற்றி வடக்குப் பக்கமாக ஆட்டிக் காட்டினார். கரையில் ராத்தா கத்துவது காற்றில் கேட்டது. சிவப்பு அசைந்தது. சத்தி எடுத்தார். மறுபடி ஆட்டினார். இன்னும் கொஞ்சம். அதிகமாகிவிட்டது, திரும்பு. சத்தி. ஒரு சாண். அரைச் சாண். “போதும் நானா, சரி வந்திட்டுது” என்று பவுலு அண்ணர் சொன்ன பிறகும் அவர் விடவில்லை. தாங்கிக்கு நேரே போட்டு மயிரிழை பிசகாமல் வந்து நின்ற பிறகே தொப்பியைக் கீழே இறக்கினார். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கரையில் பத்துப் பேரும் அவரைத் திட்டியிருப்பார்கள்.

பிறகு வெளிறிய முகத்தோடு கேட்டார். “பவுலு, உண்மையச் சொல்லுங்க. அழகா இரிக்கா?”

பவுலு அண்ணர் ஈயக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கரையைப் பார்த்தார். “அழகெல்லாம் எனக்குத் தெரியாது நானா. ஆனா அது இல்லாட்டி, இந்தக் கடல்ல நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியாது.”

நானாவின் உதடு கோணியது. என்னைப் பார்த்து, “சீமெந்து போடச் சொல்லுங்க தம்பி” என்றார். சொல்லி முடிக்கவில்லை, மறுபடி போட்டு விளிம்பில் கவிழ்ந்தார். நான் அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கரை வந்து சேரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.