ஒன்பதாம் மாதம் நடக்கும்

நேசக்குமார் ஐந்தரை மணிக்கு எழுந்தான். பால் பாட்டிலை வெந்நீரில் போட்டான். மகள் ஆனியின் ஈரத்துணியை மாற்றினான். ராகிக் கூழ் கிண்டினான், கட்டி தட்டியது, வடிகட்டினான். முகம் கழுவினான். சவரம் செய்யவில்லை. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு முன்னால் போய் நின்றான்.

பீரோக் கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று மனைவி ஜெபசுதா தன் கையால் எழுதியது. அவள் நர்சிங் கல்லூரியில் குழந்தை நலப் பாடம் நடத்தினாள். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் அதை ஒட்டிவிட்டு, "வாசிச்சுப் பாருங்க" என்றாள். அப்புறம் வாசிக்கிறேன் என்றான் அவன். அந்த வியாழக்கிழமை அவள் கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, துறைமுகச் சாலையில் ஒரு லாரி. ஆனிக்கு அப்போது நாலு மாதம்.

அப்புறம் வாசித்தான். ஏழு மாதமாகத் தினமும் வாசிக்கிறான்.

எட்டாம் மாதம் வரை எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. ஒன்பதில்தான் சிக்கல். 'ஒன்பதாம் மாதம் பிடிமானமின்றி நடக்கும்.' ஆனி நடக்கவில்லை. 'பத்தாம் மாதம் இரண்டு சொல் சேர்த்துப் பேசும்.' ஆனி பேசவில்லை. 'பதினோராம் மாதம் மூக்கு எங்கே என்றால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டும்.' மூக்கு எங்கே என்று கேட்டால் ஆனி அவன் மூக்குக்குள் விரலை விட்டாள். இதற்குப் பாதி டிக் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தான்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள், "அது அது நேரத்துக்கு நடக்கும், போங்க தம்பி" என்றாள். அவள் ஐந்து பெற்றவள். ஆனால் சார்ட் எழுதியவள் எம்.எஸ்சி.

போன் அடித்தது. நாசரேத்திலிருந்து மாமியார் கிருபாபாய்.

"மாப்பிள்ள, நாளைக்கு ஆராதன முடிச்சிட்டு வாரேன். பிள்ளைய இங்க கூட்டிட்டு வாரதப் பத்தி ஒரு முடிவு சொல்லணும். ஒத்த ஆம்பளையா என்ன செய்வீய?"

"அவ நல்லாத்தான் வளருதா, அத்த."

"நடக்காளா?"

"நடக்கப் போறா."

"பேசுதாளா?"

"வச்சிடுதேன் அத்த, பால் பொங்குது."

அடுப்பில் பாலே இல்லை.

பிள்ளையைக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. ஆனால் சார்ட்டில் டிக் விழாவிட்டால் கொடுத்துவிடுவது என்று தனக்குத்தானே முடிவு செய்திருந்தான். தான் வளர்க்கத் தெரிந்தவனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு வேறு ஆள் இல்லை.

போன வாரம் வாக்கர் வாங்கினான். ஆனி அதில் பின்பக்கமாக மட்டும் போனாள். பின்பக்கம் போவது நடையில் சேருமா என்று சார்ட்டில் இல்லை. அப்படியே பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டாள். கட்டிலைத் தூக்கியதில் இவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்றான். 'அப்பா வா' என்று மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தும் வாயைத் திறக்காத ஆனி, அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து அவன் எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும் அவனைப் பார்த்து, "ஐயோ" என்றாள்.

பத்து மணிக்கு வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். நர்சிங் சீருடை, தோளில் பை, கையில் பதிவேடு.

"அண்ணே, நான் பெனிஷா, இவ ரம்யா. மாப்பிள்ளையூரணி பூரா வீடு வீடா பிள்ளைங்க வளர்ச்சி பாத்து எழுதுதோம். பாப்பாக்கு எத்தன மாசம்?"

உண்மையைச் சொன்னால் வளர்ச்சி குறைவு என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

"எட்டு" என்றான்.

ரம்யா தரையில் ஒரு பொரியைப் போட்டாள். ஆனி தவழ்ந்து வந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பொறுக்கினாள். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"ஏளா பெனிஷா, இங்கன பாரு! எட்டு மாசத்துல எந்திச்சி நிக்கா!"

ஆனி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ."

"ஆளப் பாத்து, அர்த்தம் தெரிஞ்சி பேசுதா அண்ணே!"

பெனிஷா போனை எடுத்துவிட்டாள். "எங்க பிரின்ஸ்பல் மேடத்துக்குச் சொல்லுதேன். காலேஜுக்குத் தூக்கிட்டு வாங்க, எல்லாருக்கும் காட்டணும்."

நேசக்குமார், குறைத்துச் சொன்னதுதானே வம்பு என்று ஏற்றிச் சொன்னான்.

"மாத்திச் சொல்லிட்டேம்மா. பதினஞ்சு மாசம்."

ரம்யாவின் பேனா நின்றது. "பதினஞ்சு மாசமாயும் தனியா நடக்கலியா? ஐயோங்கிறதத் தவிர வேற வார்த்தையே இல்லியா? அண்ணே, இத உடனே டாக்டர்ட்ட காட்டணும். இப்பமே சீட்டு எழுதித் தாரேன்."

"வேண்டாம்மா. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுக்கோங்க."

"இதென்ன மீன் ஏலமா அண்ணே? தடுப்பூசி அட்டைய எடுங்க."

கொடுத்தான். ரம்யா தேதியைப் பார்த்தாள். "பதினோரு மாசம்." பிறகு மேலே இருந்த வரியை வாசித்தாள். "தாயார் பேரு... ஜெபசுதா." நிமிர்ந்தாள். "எங்க ஜெபசுதா மேடமா?"

அவன் தலையாட்டினான்.

"அடக்கத்துக்கு நாசரேத்து வந்தோம். இந்தத் தாடில உங்கள அடையாளம் தெரியல" என்றாள் பெனிஷா.

ஆனி இன்னொரு பொரிக்குக் கை நீட்டினாள்.

"பதினோரு மாசத்துக்கு இவ கரெக்டா இருக்கா அண்ணே. எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் பீரோவைக் காட்டினான். "அவ எழுதி வச்சதுல ஒம்பதாம் மாசத்துல இருந்து ஒண்ணும் நடக்கல. அவ இருந்து வளர்த்திருந்தா நடந்திருக்கும். நாளைக்கு அத்த வாராங்க. குடுத்து அனுப்பிரலாம்னு இருக்கேன்."

பெனிஷா எழுந்து சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று வாசித்தாள். வாசிக்கும்போதே சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பியபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணே, இது மேடம் எங்களுக்கு வச்ச டெஸ்ட்டு. வேணும்னே தப்பும் சரியுமா கலந்து எழுதுவாங்க, நாங்க தப்பக் கண்டுபிடிக்கணும். ஒம்பது மாசத்துல எந்தப் பிள்ளைண்ணே தன்னால நடக்கும்?"

நேசக்குமார் பென்சிலைப் பிடித்தபடி நின்றான். "அப்பம் அத எதுக்கு இங்க ஒட்டினா?"

ரம்யா ஆனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னைக்கு வியாழக்கெழம கடைசி பீரியடு எங்களுக்குத்தான் அண்ணே. பெல் அடிச்ச பெறவு ஸ்கூட்டர் சாவிய எடுத்துக்கிட்டு, வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாங்க: 'எங்க வீட்டு ஆளுக்கும் இதே டெஸ்ட்டத்தான் வச்சிருக்கேன். ஒரு தப்பக்கூட கண்டுபிடிக்க மாட்டாரு. பரவால்ல, அவருக்கு மட்டும் பாஸ் போட்டுருவேன்.'"